ஒரே லினக்ஸில் ஜிசிசி 9, 13, 14: ஒன்றை ஒன்று மிதிக்காமல் வைத்துக்கொள்வது எப்படி?

கேள்வி இது: உபுண்டு 24.04 ஓடும் கணினி. அதோடு வந்த கம்பைலர் (மூலநிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) ஜிசிசி 13. கையில் உள்ள பழைய சி++ திட்டம் ஜிசிசி 9-இல்தான் கம்பைல் ஆகிறது. புதிதாகத் தொடங்கும் வேலைக்கு ஜிசிசி 14 வேண்டும். ஒரு கட்டளைப் பெயர் எதைக் குறிக்கும் என்று மாற்றும் அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் வைத்து ‘ஜிசிசி’ என்ற கட்டளையை 9-க்குத் திருப்பியதும் பழைய திட்டம் சரியாகிவிட்டது. ஆனால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு அடுத்த அப்டேட் வந்தபோது, அதோடு சேர வேண்டிய கிராஃபிக்ஸ் டிரைவரின் மாட்யூல் கம்பைல் ஆகவில்லை, திரையும் வரவில்லை. மூன்று கம்பைலர்களையும் ஒன்றாக வைத்திருக்க முடியுமா?

தாராளமாக முடியும். மூன்று என்ன, ஆறு இருந்தாலும் அவை ஒன்றோடொன்று மோதாது. எண் இல்லாத ‘ஜிசிசி’ என்ற பெயரைத் திருப்பியதுதான் இங்கே வினை. அந்தப் பெயர் உங்களுக்கு மட்டும் சொந்தமானது இல்லை. டிரைவர் இன்ஸ்டாலரும் அதையே கூப்பிடுகிறது, இன்னும் எத்தனையோ ஸ்கிரிப்டுகளும் அதையே நம்பியிருக்கின்றன.

முதலில் திரையை மீட்போம். டெக்ஸ்ட் கன்சோலில் நுழைந்து, நீங்கள் வைத்த ஆல்டர்நேட்டிவ்ஸ் பதிவுகளை ‘--ரிமூவ்-ஆல்’ கொடுத்து நீக்குங்கள். நீக்கியதும் ‘ஜிசிசி’ என்ற கட்டளையே காணாமல் போகும், பயப்பட வேண்டாம். பேக்கேஜ்களை நிறுவும் ஏபிடியில் ‘--ரீஇன்ஸ்டால்’ கொடுத்து ஜிசிசி, அதன் சி++ கம்பைலரான ஜி++ ஆகிய இரண்டு பேக்கேஜ்களையும் மறுபடி நிறுவினால், 13-ஐக் காட்டும் பழைய சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் பெயர்) திரும்பி வந்துவிடும். அதன் பிறகு, டிரைவர் மாட்யூல்களைக் கெர்னலுக்கு ஏற்பக் கட்டித் தரும் டிகேஎம்எஸ்-ஐ ‘ஆட்டோஇன்ஸ்டால்’ என்று ஓட்டினால் மாட்யூல் மறுபடி கம்பைல் ஆகும்.

ஏன் உடைந்தது என்று ஒரு நிமிடம் பார்த்துவிடலாம், ஏனென்றால் இதே கோளாறு வேறு வேடத்திலும் வரும். ‘/ப்ராக்/வெர்ஷன்’ கோப்பைத் திறந்தால், உங்கள் கெர்னல் எந்தக் கம்பைலரால் உருவானது என்று அதிலேயே எழுதியிருக்கும். உங்களுடையது ஜிசிசி 13. கெர்னலின் அமைப்புகளில், ஸ்டாக்கில் (செயற்கூறு ஓடும்போது மட்டும் இருக்கும் நினைவகத்தில்) உள்ள மாறிகளைத் தானாகவே பூஜ்யமாக்கும் ‘-எஃப்ட்ரிவியல்-ஆட்டோ-வார்-இனிட்=ஜீரோ’ என்ற ஆப்ஷன் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் மாட்யூலும் அதே ஆப்ஷனோடுதான் கம்பைல் ஆக வேண்டும். அந்த ஆப்ஷன் ஜிசிசிக்குள் வந்ததே 12-ஆம் பதிப்பில்தான். ஜிசிசி 9-க்கு அது என்னவென்றே தெரியாது. ‘இப்படி ஓர் ஆப்ஷன் எனக்குத் தெரியாது’ என்று சொல்லி நின்றுவிடும். டிகேஎம்எஸ் எழுதும் மேக்.லாக் கோப்பைத் திறந்து பாருங்கள், அநேகமாக இந்த வரிதான் இருக்கும். உபுண்டு 22.04-இல் 6.5 கெர்னல் வந்தபோது, எதையும் தொடாத பலருக்குக்கூட இதே பிழை வந்தது. அங்கே இயல்பான கம்பைலர் ஜிசிசி 11, அந்தக் கெர்னல் மட்டும் 12-ஆல் உருவானது.

இன்னொன்றையும் கவனியுங்கள். டெபியனும் உபுண்டுவும் ‘/யூஎஸ்ஆர்/பின்/ஜிசிசி’ என்ற சிம்லிங்க்கை ஆல்டர்நேட்டிவ்ஸ் கையில் கொடுக்கவே இல்லை. அது ஜிசிசி பேக்கேஜின் சொந்தக் கோப்பு. ‘சிசி’, ‘சி++’ என்ற பொதுப் பெயர்கள்தான் ஆல்டர்நேட்டிவ்ஸ் வசம். அதனால் நீங்கள் திருப்பி வைத்தாலும், ஜிசிசி பேக்கேஜுக்கு அப்டேட் வரும் நாளில் அது சத்தமில்லாமல் பழைய இடத்துக்கே போய்விடலாம். ஜி++-ஐ ‘--ஸ்லேவ்’ கொடுத்து ஜிசிசியோடு சேர்த்துக் கட்டாமல் விட்டிருந்தால் இன்னும் மோசம்: சி கோப்புகள் 9-இலும் சி++ கோப்புகள் 13-இலும் கம்பைல் ஆகும். இணையத்தில் முதலில் கண்ணில் படும் வழி இதுதான் என்றாலும், நான் யாருக்கும் இதைப் பரிந்துரைப்பதில்லை.

சரி, என்ன செய்வது? ஜிசிசி-9, ஜி++-9, ஜிசிசி-14, ஜி++-14 ஆகிய நான்கு பேக்கேஜ்களையும் ஏபிடியிலேயே நிறுவுங்கள், 24.04-இன் யூனிவர்ஸ் களஞ்சியத்தில் இவை இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் எண்ணோடு கூடிய பெயரில் ‘/யூஎஸ்ஆர்/பின்’ அடைவுக்குள் வந்து உட்காரும். நாம் கூப்பிடும் ‘ஜிசிசி-9’ உண்மையில் ஒரு மேற்பார்வையாளர் மட்டுமே. நிரலை மொழிபெயர்க்கும் சிசி1, சிசி1பிளஸ் என்ற உள்வேலைக்காரர்களும், அந்தப் பதிப்புக்கான ஹெட்டர்களும் (அறிவிப்புகள் அடங்கிய கோப்புகள்) எண்வாரியாகத் தனித்தனி அடைவுகளில் இருக்கின்றன. ஆகவே ஒன்றின் மேல் இன்னொன்று விழ வழியே இல்லை. அசெம்பிளரும், கம்பைல் ஆன துண்டுகளை இணைத்து நிரலாக்கும் லிங்க்கரும் மட்டும் பின்யுட்டில்ஸ் பேக்கேஜிலிருந்து எல்லோருக்கும் பொதுவாக வருகின்றன.

இனி, எந்தத் திட்டத்துக்கு எது என்பதைத் திட்டத்துக்குள்ளேயே சொல்லிவிட வேண்டும். எத்தனை கணினி மாற்றினாலும் எனக்குக் கைகொடுத்த ஒரே வழக்கம் இதுதான்.

மேக் என்ற பில்டு கருவியைப் பயன்படுத்தும் திட்டமானால் ‘மேக் சிசி=ஜிசிசி-9 சிஎக்ஸ்எக்ஸ்=ஜி++-9’ என்று கட்டளை வரியிலேயே கொடுங்கள். இதையே எக்ஸ்போர்ட் செய்து சூழல் மாறியாக வைத்தால் பல நேரம் வேலை செய்யாது. மேக்ஃபைலுக்குள் யாராவது ‘சிசி = ஜிசிசி’ என்று எழுதி வைத்திருந்தால், சூழல் மாறியை அது அமுக்கிவிடும். கட்டளை வரியில் கொடுப்பதோ மேக்ஃபைலையே அமுக்கும். ஆட்டோகான்ஃப் திட்டங்களில் இதே இரண்டையும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டுக்குக் கொடுத்தால் போதும்.

இன்னொரு பில்டு கருவியான சிமேக்கில்தான் பலரும் நேரத்தைத் தொலைக்கிறார்கள். சிசி, சிஎக்ஸ்எக்ஸ் மாறிகளை அது முதல் தடவை கான்ஃபிகர் ஆகும்போது மட்டும்தான் படிக்கும். படித்ததை பில்டு அடைவில் உள்ள சிமேக்கேஷ்.டிஎக்ஸ்டி கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். அப்புறம் நீங்கள் மாறியை எத்தனை முறை மாற்றினாலும் திரும்பிப் பார்க்காது. ‘9 கொடுத்தேன், இன்னும் 13-தான் ஓடுகிறது’ என்று யாராவது சொன்னால் பத்தில் ஒன்பது தடவை காரணம் இதுதான். பில்டு அடைவை அழித்துவிட்டுத் தொடங்குங்கள், அல்லது சிமேக் 3.24-லிருந்து கிடைக்கும் ‘--ஃப்ரெஷ்’ ஆப்ஷனைக் கொடுங்கள். இன்னும் நல்லது, பதிப்புக்கு ஓர் அடைவு வைத்துக்கொள்வது: பில்டு-9, பில்டு-14 என்று. ஒரே நிரலை இரண்டிலும் கம்பைல் செய்து ஒப்பிடவும் அது உதவும். எந்தக் கம்பைலர் என்பதை சிமேக்பிரீசெட்ஸ்.ஜேசன் கோப்பில் எழுதி, திட்டத்தின் கிட் பதிப்புக் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டால், ஆறு மாதம் கழித்து வருபவருக்கும் குழப்பம் இருக்காது. ரஸ்ட் மொழிக்காரர்கள் ரஸ்ட்-டூல்செயின்.டாம்ல் என்ற கோப்பில் பதிப்பை எழுதி, திட்டத்தோடேயே அனுப்பிவிடுகிறார்கள். ரஸ்டப் அதைப் படித்துத் தானாகவே சரியான கம்பைலரை எடுத்துக்கொள்கிறது. சி, சி++ உலகில் அந்த வசதி உள்ளே கட்டி வரவில்லை, நாம்தான் கட்டிக்கொள்ள வேண்டும்.

சில பழைய பில்டு ஸ்கிரிப்டுகள் மாறி எதையும் மதிக்காமல் நேராக ‘ஜிசிசி’ என்றே கூப்பிடும். அதற்கு ஒரு சின்ன வித்தை உண்டு. திட்டத்துக்குள் ‘டூல்ஸ்’ என்று ஓர் அடைவு உருவாக்கி, அதில் ‘ஜிசிசி’ என்ற பெயரில் ஜிசிசி-9-க்கும் ‘ஜி++’ என்ற பெயரில் ஜி++-9-க்கும் சிம்லிங்க் போடுங்கள். வேலை செய்யும் டெர்மினலில் மட்டும் அந்த அடைவை, கட்டளைகளைத் தேடும் இடங்களைச் சொல்லும் பாத் மாறியின் முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த டெர்மினலுக்குள் ஜிசிசி என்றால் 9. வெளியே, டிரைவருக்கும் கெர்னலுக்கும், ஜிசிசி என்றால் எப்போதும் போல 13. டெர்மினலை மூடினால் தடயமே இல்லை. பல பேர் பகிரும் பெரிய கணினிக் கூடங்களில் ‘மாட்யூல் லோட் ஜிசிசி’ என்று ஒரு கட்டளை கொடுக்கிறார்களே, அதுவும் அடிப்படையில் இதைத்தான் செய்கிறது.

கம்பைல் செய்வது பாதி கதைதான். மீதிப் பாதி, உருவான நிரல் ஓடும்போது எந்த லைப்ரரியைத் தேடுகிறது என்பது. இங்கே ஒரு நல்ல செய்தி. சி++ நிரல்கள் எல்லாம் நம்பியிருக்கும் லிப்எஸ்டிடிசி++ லைப்ரரியின் பெயர், 2004-இல் வந்த ஜிசிசி 3.4-லிருந்து இன்றுவரை ‘.எஸ்ஓ.6’ என்றே இருக்கிறது. புதிய பதிப்பு பழைய நிரல்களையும் ஓட்டும். பழைய பதிப்பால் புதிய நிரலை ஓட்ட முடியாமல் போகலாம். அதனால் ஒரு கணினியில் எல்லாவற்றிலும் புதியது ஒன்று இருந்தாலே போதும். உபுண்டு 24.04 இதைத்தான் செய்கிறது: கம்பைலர் 13 என்றாலும், அதோடு வரும் லிப்எஸ்டிடிசி++6 பேக்கேஜ் ஜிசிசி 14-இலிருந்து எடுத்தது. எனவே 9, 13, 14 மூன்றிலும் உருவானவை உங்கள் கணினியில் அப்படியே ஓடும். லைப்ரரிகளைத் தேடும் இடங்களைச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் மாறியைத் தொடவே வேண்டாம். தொட்டு, அதில் ஒரு பழைய லைப்ரரி அடைவு முன்னால் வந்துவிட்டால், சம்பந்தமே இல்லாத நிரல்கள் எல்லாம் விழத் தொடங்கும்.

சிக்கல் வருவது நிரலை வேறு கணினிக்கு எடுத்துப்போகும்போது. ஜிசிசி 13.2-இல் உருவான நிரலை உபுண்டு 22.04-இல் ஓட்டினால், ‘ஜிஎல்ஐபிசிஎக்ஸ்எக்ஸ்_3.4.32 கிடைக்கவில்லை’ என்று வரக்கூடும், ஏனென்றால் அங்கே உள்ள லைப்ரரி 3.4.30 வரைதான் அறியும். லிங்க் செய்யும்போது ‘-ஸ்டாட்டிக்-லிப்எஸ்டிடிசி++’ கொடுத்து அந்த லைப்ரரியை நிரலுக்குள்ளேயே சேர்த்துவிட்டால் இது தீரும். ரெட் ஹேட்காரர்கள் இதற்கு மிக அழகான தீர்வு வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய ஜிசிசி-டூல்செட் பேக்கேஜ்கள் ‘/ஆப்ட்/ஆர்ஹெச்’ அடைவுக்குள் ஒதுங்கி உட்கார்ந்துகொள்கின்றன. புதிய பதிப்பில் மட்டும் உள்ள லைப்ரரிப் பகுதிகளை நிரலுக்குள்ளேயே ஸ்டாட்டிக்காகச் சேர்த்து, மீதியைக் கணினியின் பழைய லைப்ரரியிடமே விட்டுவிடுகின்றன. புதிய கம்பைலரில் உருவான நிரல், அது நிறுவப்படாத கணினியிலும் ஓடுகிறது. ரெட் ஹேட்டின் 8, 9 பதிப்புகளில் வேலை செய்பவர்கள் வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

ஆனால் லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி வேறு விஷயம். கம்பைலரின் பதிப்பை இறக்கினால் ஜிலிப்சியின் பதிப்பும் இறங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இறங்காது. உபுண்டு 24.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.39. ஜிசிசி 9 வைத்துக் கம்பைல் செய்தாலும் நிரல் அந்த 2.39-இன் ஹெட்டர்களைத்தான் பார்க்கிறது. ஒரு சி++ நிரலில் எண்ணைப் படிக்க எஸ்டிஆர்டோல் என்ற சாதாரண செயற்கூறைக் கூப்பிட்டாலே போதும், 2.38-இல் சேர்ந்த புதிய வடிவத்துக்கு ஹெட்டர் அதைத் திருப்பிவிடும், நிரல் ஜிலிப்சி 2.38-க்குக் கீழே ஓட மறுத்துவிடும். பழைய கணினிகளில் ஓட வேண்டிய நிரலைப் பழைய சூழலிலேயே கம்பைல் செய்யுங்கள்: டாக்கர் அல்லது பாட்மேன் கொண்டு கன்டெய்னர் என்ற தனித்த சூழலில் பழைய உபுண்டு இமேஜ் ஒன்றை எடுத்து, உள்ளே கம்பைல் செய்து, நிரலை மட்டும் வெளியே எடுத்துக்கொள்ளலாம்.

வெவ்வேறு பதிப்புகளில் உருவான ஆப்ஜெக்ட் கோப்புகளை (கம்பைல் ஆகி, இன்னும் இணைக்கப்படாத துண்டுகளை) கலந்து லிங்க் செய்யலாமா? சாதாரண சி, சி++ என்றால் பெரும்பாலும் சரியாகவே நடக்கும். ஆனால் 2015-இல் வந்த ஜிசிசி 5 ஒரு எல்லைக்கோடு. அதில் எஸ்டிடி::ஸ்ட்ரிங், எஸ்டிடி::லிஸ்ட் இரண்டின் உள்ளமைப்பும் சி++11-க்கு ஏற்ப மாறியது. பழைய வடிவமும் கூடவே தொடர்கிறது. இதில் நானே இரண்டு நாள் சிக்கித் தவித்திருக்கிறேன். வெளியிலிருந்து வாங்கிய ஒரு மூடிய லைப்ரரி. ஹெட்டரில் செயற்கூறு இருக்கிறது, லைப்ரரியிலும் இருக்கிறது, லிங்க்கர் மட்டும் ‘வரையறுக்கப்படாத குறிப்பு’ என்று அடம் பிடித்தது. லைப்ரரியைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பிழைச் செய்தியை எழுத்து எழுத்தாகப் படித்தபோதுதான், நான் கேட்கும் பெயரில் ‘சிஎக்ஸ்எக்ஸ்11’ என்ற துண்டு இருப்பதும், லைப்ரரி தரும் பெயரில் அது இல்லாததும் கண்ணில் பட்டது. லைப்ரரி பழைய வடிவத்தில் உருவானது. ‘_ஜிஎல்ஐபிசிஎக்ஸ்எக்ஸ்_யூஸ்_சிஎக்ஸ்எக்ஸ்11_ஏபிஐ’ என்ற மேக்ரோவை 0 ஆக்கி, என் நிரல் முழுவதையும் மறுபடி கம்பைல் செய்ததும் ஒரே தடவையில் லிங்க் ஆகிவிட்டது. உங்கள் பழைய திட்டத்திலும் மூலநிரல் கிடைக்காத லைப்ரரி இருந்தால் முதலில் இதைச் சோதியுங்கள்.

எல்டிஓ (லிங்க் செய்யும் கட்டத்தில் நிரலை மேம்படுத்தும் வசதி) போட்டு உருவான ஆப்ஜெக்ட் கோப்புகளை மட்டும் பதிப்பு மாற்றிக் கலக்கவே கூடாது, கம்பைலரே மறுத்துவிடும். ஃபோர்ட்ரானின் .மோட் கோப்புகளின் வடிவமும் சில பதிப்புகளில் மாறியிருக்கிறது, மாறிய இடத்தில் பழைய கோப்பு செல்லாது. கம்பைலர் மாறினால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து கட்டுங்கள்.

கிளாங் என்ற இன்னொரு கம்பைலரைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. லினக்ஸில் கிளாங் இயல்பாக ஜிசிசியின் லிப்எஸ்டிடிசி++ ஹெட்டர்களைத்தான் எடுத்துக்கொள்ளும். கணினியில் உள்ள ஜிசிசி அடைவுகளைப் பார்த்து, எண் பெரியது எதுவோ அதைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் ஜிசிசி-14-ஐ மட்டும் நிறுவி ஜி++-14-ஐ விட்டுவிட்டால், 14-க்கான அடைவு இருக்கும், ஆனால் அதற்குரிய சி++ ஹெட்டர்கள் இருக்காது. நேற்றுவரை நன்றாக ஓடிய கிளாங்++ இன்று ‘ஐஓஸ்ட்ரீம் கோப்பைக் காணவில்லை’ என்று நிற்கும். ‘கிளாங்++ -வி’ என்று ஓட்டினால், எந்த ஜிசிசியைத் தேர்ந்தெடுத்தது என்று ஒரு வரி வரும். லிப்எஸ்டிடிசி++-14-டெவ் பேக்கேஜை நிறுவினால் சரியாகிவிடும். அதனால்தான் மேலே நான்கு பேக்கேஜ்களையும் சேர்த்துச் சொன்னேன்.

என்விடியா கிராஃபிக்ஸ் சிப்புகளுக்கு நிரல் எழுதும் கூடாவில் வேலை செய்பவர்கள் கணினியின் ஜிசிசியைப் பழைய பதிப்புக்கு இறக்குவது வழக்கமாகவே ஆகிவிட்டது, ஏனென்றால் கூடாவின் கம்பைலரான என்விசிசி தனக்குத் தெரியாத புதிய ஜிசிசியை ஏற்பதில்லை. தேவையே இல்லை. என்விசிசிக்கு ‘-சிசிபின்’ என்ற ஆப்ஷன் இருக்கிறது, பழைய ஜி++-இன் பெயரை அதில் கொடுத்தால் போதும்.

களஞ்சியத்தில் கிடைக்காத பதிப்பு வேண்டுமென்றால் மூலநிரலிலிருந்து கட்டலாம். நேரம் பிடிக்கும் வேலை, ஏனென்றால் ஜிசிசி தன்னைத்தானே மூன்று கட்டமாகக் கம்பைல் செய்து சரிபார்த்துக்கொள்ளும். ‘--பிரிஃபிக்ஸ்’ கொடுத்து ‘/ஆப்ட்/ஜிசிசி-15’ போல ஒரு தனி அடைவில் நிறுவுங்கள். ‘/யூஎஸ்ஆர்’ பக்கம் போகவே வேண்டாம். மூலநிரல் அடைவுக்குள்ளேயே கட்டாமல் வேறு அடைவில் கட்டுங்கள். 32 பிட் தேவையில்லை என்றால் ‘--டிசேபிள்-மல்டிலிப்’ கொடுங்கள். உருவாகும் நிரல்கள் அந்த அடைவின் லைப்ரரியைக் கண்டுபிடிக்க, லிங்க் செய்யும்போது ஆர்பாத் (நிரலுக்குள்ளேயே பதியும் லைப்ரரி இருப்பிடம்) கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு கேள்வி: உங்கள் பழைய திட்டத்துக்கு ஜிசிசி 9 உண்மையிலேயே வேண்டுமா? 2022 மே மாதம் வந்த 9.5-தான் அந்த வரிசையின் கடைசி வெளியீடு. இனி அதில் எந்தப் பிழையும் திருத்தப்படாது. நான் பார்த்த ‘9-இல்தான் ஓடும்’ திட்டங்களில் பெரும்பாலானவை இரண்டு மூன்று வரி மாற்றத்தில் 13-இலும் ஓடின. 13-இல் கம்பைல் செய்து, முதல் பிழையை மட்டும் பாருங்கள். மீதி நூறும் அதன் வால்தான்.

லிங்க் செய்யும் கட்டத்தில் ஒரே மாறி பலமுறை வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று வந்தால், அது ஜிசிசி 10-இல் வந்த மாற்றம்: ஹெட்டரில் ‘எக்ஸ்டர்ன்’ போடாமல் அறிவித்த சி மாறிகளை முன்பு லிங்க்கர் ஒன்றாக்கிவிடும், இப்போது ஒன்றாக்குவதில்லை. ‘-எஃப்காமன்’ கொடுத்து இப்போதைக்கு ஓட்டிவிட்டு, பிறகு ‘எக்ஸ்டர்ன்’ சேருங்கள். ‘ரெஜிஸ்டர்’ என்ற சொல்லுக்கோ, செயற்கூறின் பின்னால் உள்ள ‘த்ரோ’ பட்டியலுக்கோ பிழை வந்தால், 11-லிருந்து இயல்பு மொழிப் பதிப்பு சி++17 ஆகிவிட்டதே காரணம். 9-இல் அது சி++14. ‘-எஸ்டிடி=ஜிஎன்யு++14’ என்று ஒரு ஆப்ஷன் சேர்த்தால் தீர்ந்தது. யூஇன்ட்32_டி தெரியவில்லை என்றால், 13-இல் சில ஹெட்டர்கள் சிஎஸ்டிடிஇன்ட்-ஐத் தாங்களாகவே இழுத்து வருவதை நிறுத்திவிட்டன. அந்தக் கோப்பின் தலையில் நீங்களே சேர்த்துவிடுங்கள். திட்டத்தில் சி கோப்புகளும் இருந்து, பின்னாளில் 14-க்குப் போனால், அறிவிக்காத செயற்கூறைக் கூப்பிடுவது அங்கே எச்சரிக்கையாக இல்லாமல் பிழையாகவே வரும். விடுபட்ட ஹெட்டரைச் சேர்ப்பதுதான் அதற்குச் சரியான மருந்து. அவசரத்துக்கு ‘-எஃப்பெர்மிஸிவ்’ கொடுத்தால் மறுபடி எச்சரிக்கையாகிவிடும்.

இவை எதுவும் இல்லாமல், மூலநிரலில் கை வைக்கவே முடியாத திட்டம் என்றால் மட்டும் ஜிசிசி-9-ஐ வைத்துக்கொள்ளுங்கள். அதையும் ஒரு கன்டெய்னருக்குள் வைத்துவிட்டால், உபுண்டுவின் அடுத்த பதிப்பில் அந்தப் பேக்கேஜ் இருக்குமா என்று கவலைப்பட வேண்டியிருக்காது.